நிழலை வெட்ட வேண்டாம்

மலையிலிருந்து இறங்கிய பஸ்ஸின் ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருந்த பெண், எதிரே சைக்கிளில் ஏறி வந்த யமுனாவைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். யமுனா ஒரு கையைத் தூக்கி ஆட்டினாள். அந்தப் பெண் பதிலுக்குக் கையாட்டவில்லை. பஸ் வளைவில் திரும்பி மறையும்வரை கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

யமுனாவுக்கு அது புதிதல்ல. கொங்கணக் கரையில் ஊருக்கு ஊர் இப்படித்தான் பார்த்தார்கள். மீன் காயப்போட்டுக்கொண்டிருந்த பெண்கள் வேலையை விட்டுவிட்டு எழுந்து நின்று, "ஏக்டி?" என்று கேட்டார்கள். தனியாகவா என்று அர்த்தம். அந்த பாஷையில் அவள் கற்றுக்கொண்ட முதல் வார்த்தை. "ஏக்டி" என்றே இவளும் பதில் சொல்வாள். கேள்வியின் இழுப்பை மட்டும் எடுத்துவிட்டால் அதுவே பதிலாகிவிடும். அப்படிச் சொல்லும்போதெல்லாம் நெஞ்சுக்குள் எதுவோ நிமிர்ந்து உட்காரும்.

அந்தக் கரை நாம் நினைக்கிற கடற்கரை இல்லை. மணல் கொஞ்சம்தான். மலையே கடலுக்குள் இறங்கி நிற்கும். சாலை தலைகுப்புற இறங்கி ஒரு கழிமுகத்தில் போய் முட்டும். படகில் சைக்கிளை ஏற்றி அக்கரைக்குப் போனால் மறுபடியும் மூச்சு வாங்க வைக்கும் ஏற்றம். பகலெல்லாம் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்துவிட்டு, இராத்திரி ஏதாவது ஒரு வீட்டின் மாடி அறையில் படுத்தால், கண்ணை மூடிய பின்னும் கால்கள் மிதித்துக்கொண்டே இருக்கும். கரையெல்லாம் முடித்து, கேரளத்தைக் கடந்து, பாலக்காட்டு வழியாக உள்ளே திரும்பி, நாமக்கல்லில் தன் அறையில்கூட இறங்காமல் நேராக இங்கே வந்திருந்தாள். பயணத்தின் கடைசி ஏற்றம் தன் மலையாக இருக்க வேண்டும் என்று கிளம்பும்போதே முடிவு செய்திருந்தாள். எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் பஸ்ஸில் வாந்தி எடுத்துக்கொண்டே கடந்த சிறுமி அவள். அதே வளைவுகளைத் தன் காலாலேயே ஏறி, அப்பாவின் முன்னால் போய் நிற்க வேண்டும். அவர் ஒன்றும் சொல்ல மாட்டார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "வந்துட்டியா" என்பார். அது போதும்.

தம்பி தனபால்தான் வழியனுப்பும்போது கேலி செய்தான். "முழுசா முடிச்சுட்டு வாக்கா. பஸ் ஸ்டாப்புல உனக்கு பேனர் வெக்கறேன். மந்திரிக்கு வெக்கற மாதிரி."

"மந்திரி பாதி வழியில லாரி ஏறி வந்துட்டா?"

"அப்ப பேனரையும் பாதியாக் கிழிச்சு வெக்கறேன்."

பக்கத்தில் நின்ற அம்மா, "படத்தப் பெருசா போடுடா, கண்ணு தெரியற மாதிரி" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அப்பாகூட உதட்டைக் கடித்துக்கொண்டார்.

நேற்று காலை தனபாலுக்கு, நாளை மலை ஏறுகிறேன் என்று செய்தி அனுப்பியிருந்தாள். பார்த்துவிட்டான் என்பதற்கு அடையாளமாக நீலக்கோடுகள் விழுந்தன. பதில் வரவில்லை. பேனர் வேலையில் இருக்கிறான் போல என்று நினைத்துச் சிரித்துக்கொண்டாள்.

பாதி மலைக்கு மேல் ஒரு வளைவில் செல்லமுத்துவின் டீக்கடை இருந்தது. அவர் இவளுடைய ஊருக்கு அடுத்த ஊர்க்காரர். அன்னாசியைக் கீற்றுப் போட்டுக் கண்ணாடிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அவர் திரும்பவில்லை.

"அண்ணா, பாலு பொங்குதுங்க."

"நீ..." என்றார். "காளியண்ணன் புள்ளதான?"

"ஆமாங்கண்ணா. அடையாளம் தெரியலையா? அவ்வளவு கறுத்துட்டனா?"

அவர் வந்து சைக்கிள் கைப்பிடியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு டீ போட்டார். டம்ளரை அவள் கையில் கொடுக்காமல் பலகையில் வைத்துவிட்டுப் பின்வாங்கினார்.

"மேல போறியா?"

"பின்ன? ஊட்டுக்குத்தான்."

"தனியாவா?"

"தனியாத்தானுங்கண்ணா."

செல்லமுத்து அவள் ஏறி வந்த சாலையை எட்டிப் பார்த்தார். யாரோ இன்னும் ஏறி வந்துகொண்டிருக்கிறார்கள், அவர்கள் வளைவில் தெரியும்வரை காத்திருக்கலாம் என்பதுபோல நின்றார். கீழே ஒரு குரங்கு மட்டும் சாலையைக் கடந்தது.

அவள் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினாள். முதுகில் அவருடைய பார்வை ஒட்டிக்கொண்டே வருவது தெரிந்தது. நடுவில் ஒரு மழைச்சாரல் வந்து போனது. மழைக்கோட்டைப் போட்டாள், கழற்றினாள். மேலே போகப்போகக் காற்றில் மிளகுக்கொடியின் பச்சை வாசம் வந்தது. கடைசி வளைவைத் தாண்டியதும் கால்கள் தாமாகவே லேசாயின. அழுதுவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். பஸ் ஸ்டாப் நெருங்கியது.

பேனர் இருந்தது.

தூரத்திலிருந்தே தெரிந்தது. இரண்டு சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே இழுத்துக் கட்டியிருந்தார்கள். நீலக் கடலும், செம்பாறையும், சிரிக்கிற அவள் முகமும். இரண்டு ஓரங்களிலும் குத்துவிளக்கு. "அட தனபாலு" என்று வாய்விட்டுச் சொன்னாள். சொன்னதை வைத்துவிட்டானே! சைக்கிளை மிதித்துக் கிட்டே போனாள். கண்ணில் வியர்வை எரிந்தது. புறங்கையால் துடைத்துக்கொண்டு படித்தாள்.

கண்ணீர் அஞ்சலி.

ஏதோ பழைய பேனரின் மேல் புதியதைக் கட்டியிருக்கிறார்கள் என்றுதான் முதலில் தோன்றியது. அதன் எழுத்து இதில் எட்டிப் பார்க்கிறது. கீழே படித்தாள். கா. யமுனா. தோற்றம் என்று அவள் பிறந்த நாள். மறைவு என்று போன மாதத்தில் ஒரு வியாழக்கிழமை. "எங்களை விட்டுப் பிரிந்த மகளுக்குக் கண்ணீருடன்" என்று ஒரு வரி. அதன்கீழே காளியண்ணன், கண்ணாயி, தனபால், கலைச்செல்வி, மற்றும் உற்றார் உறவினர்.

அவள் சைக்கிளிலிருந்து இறங்கினாள். ஸ்டாண்டைப் போட்டாள். தலைக்கவசத்தைக் கழற்றிக் கைப்பிடியில் மாட்டினாள். ஈரமான மழைக்கோட்டை எடுத்துக் கைப்பிடிமேல் விரித்துப் போட்டாள். இவ்வளவையும் நிதானமாகச் செய்தாள். கைகள் வேறு யாருடையவோ போல, பழகிய வேலையை ஒழுங்காகச் செய்தன. அந்த வியாழக்கிழமை என்ன செய்தோம் என்று மனம் தேடியது. சிவப்பாக, புளிப்பாக ஒரு பழச்சாறு குடித்தாள். கழிமுகத்தைக் கடக்கும் படகில் ஒரு ஆட்டுக்குட்டி அவள் சைக்கிள் பையின் வாரை மென்றது. அன்று அவள் செத்துப்போயிருக்கிறாள்.

சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள். பெட்டிக்கடை சின்னுசாமி, பஸ்ஸுக்கு நிற்கும் இரண்டு பெண்கள், மரவள்ளி மூட்டைமேல் உட்கார்ந்திருந்த ஒருவர். யாரும் அவளிடம் வரவில்லை. யாரும் போகவும் இல்லை.

சிரிப்பு வந்தது அவளுக்கு. கடைக்காரன் மாற்றி அடித்துவிட்டான். வேறென்ன? 'பயணத்தை முடித்துவிட்டாள்' என்று தனபால் சொல்லியிருப்பான். போனில் சொல்லியிருப்பான். கேட்டவன் வேறு முடிவாக எடுத்துக்கொண்டான். அதைப் பார்க்காமலேயே இந்த மடையன் வாங்கிவந்து கட்டியிருக்கிறான். ஆயுசுக்கும் வைத்துச் சிரிக்க ஒரு கதை கிடைத்தது. பேனரின் ஓரத்தில் கடைப்பெயரும் போன் நம்பரும் இருந்தன. அர்ஃபா பிளக்ஸ், சேந்தமங்கலம். அழைத்தாள்.

"பீர் முகமது பேசறனுங்க. சொல்லுங்க."

"ஏனுங்க பாய், கொல்லிமலை பஸ் ஸ்டாப்புல யமுனான்னு ஒரு பேனர் கட்டியிருக்குதுங்க. உங்க கடையில அடிச்சதுங்களா?"

"ஆமாங்க. நேத்துக் குடுத்தது. ஏனுங்க, கலர் ஏதாச்சும் டல்லடிக்குதா?"

"தப்பா அடிச்சுட்டீங்க பாய். அது வரவேற்பு பேனருங்க."

"இல்லீங்களே" என்றது அந்தக் குரல், பொறுமையாக. "அஞ்சலி பேனருங்க அது. அந்தப் புள்ளையோட தம்பி நேர்ல வந்து, பக்கத்துல உக்காந்து, எழுத்து எழுத்தாப் பாத்து வாங்கிட்டுப் போனாரு. பாவம், வயசு ரொம்பக் கம்மி. நீங்க சொந்தங்களா?"

"நான்தாங்க அந்தப் புள்ள."

போனில் அச்சு இயந்திரம் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது. யாரோ நிறுத்தியிருக்க வேண்டும்.

"யா அல்லா" என்றார் பீர் முகமது. "கண்ணு, நீ இப்ப எங்கம்மா நிக்கற?"

"பேனருக்கு முன்னாடி."

மறுமுனையில் நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது. "அம்மா, ஒண்ணு சொல்றேன். படத்துல கீழ ஒரு நெழலு விழுந்திருந்துச்சு. அத வெட்டிரலாம் தம்பி, பாக்க லட்சணமா இருக்காதுன்னு நான் சொன்னேன். 'வேண்டாங்க பாய், நெழல வெட்ட வேண்டாம், அது இருக்கட்டும்'னாரு. ஏன்னு நான் கேக்கல. கேட்டிருக்கோணும்."

அவள் போனைக் காதிலிருந்து எடுத்தாள். பாய் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்.

நிமிர்ந்து பார்த்தபோதுதான் அது தெரிந்தது. கைபேசியின் சின்னத் திரையில் அவள் ஒருநாளும் கவனிக்காதது, இங்கே ஆள் உயரத்துக்கு விரிந்திருந்தது. சிரித்தபடி நிற்கும் அவளை நோக்கி, படத்தின் அடியிலிருந்து பாறைமேல் நீண்டு கிடந்தது ஒரு நிழல். தொப்பி போட்ட தலை. அகன்ற தோள். படம் எடுக்கிற ஆணின் நிழல்.

யார் அது என்று அவளே ஒரு நொடி திடுக்கிட்டாள்.

அன்று காலை அந்தப் பாறையில் ஒருவருமே இல்லை. சைக்கிளை நிறுத்தி, அதன் இருக்கையில் கைபேசியைச் சாத்தி வைத்து, தானாக எடுக்கும்படி நேரம் வைத்துவிட்டு ஓடிப்போய்க் கடலுக்கு முன்னால் நின்றாள். நேரத்துக்குள் போய்ச் சேர்ந்துவிட்டோமே என்றுதான் அந்தச் சிரிப்பு. சைக்கிளுக்குப் பின்னாலிருந்து காலை வெயில். கைப்பிடியில் தலைக்கவசம் மாட்டியிருந்தது. அதன்கீழே கைப்பிடி நீளத்துக்கு விரித்த மழைக்கோட்டு.

சைக்கிளின் நிழல் அது.

இந்தப் படத்தை அவள் வேறு யாருக்கும் அனுப்பவில்லை. "கடலு எப்படி கண்ணு இருக்கும்" என்று அம்மா குரல் பதிவு அனுப்பிக் கேட்டிருந்தாள். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. கைபேசியில் படம் பார்க்கவும் பேசி அனுப்பவும் தெரியும். அவளுக்கு மட்டும் அனுப்பிய படம். அப்படியென்றால் அம்மாதான் இதை எடுத்துக் கொடுத்திருக்கிறாள்.

சைக்கிளின் இருக்கையை எட்டிப் பிடித்துக்கொண்டாள்.

இப்போது ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தது. படம் அனுப்பிய சில நாட்களில் அம்மாவின் போன் அணைந்துவிட்டது. ரிப்பேர் என்றாள் தனபாலின் மனைவி கலைச்செல்வி. அப்பா கூப்பிட்டால் எடுப்பதில்லை. மலையில் டவர் கிடைக்காதது அதிசயமா என்று இவளும் விட்டுவிட்டாள். அதற்கு முன்னால் அப்பா தாமாக ஒரே ஒருமுறை கூப்பிட்டார். அந்த வியாழக்கிழமை. படகுத்துறையில் காற்று பேயாக வீசிக்கொண்டிருந்தது. "கூட ஆரு?" என்று என்னவோ கேட்டார். மறுபடியும் கேட்டார். இவளுக்குப் பாதிதான் விழுந்தது. படகுக்காரன் கயிற்றை அவிழ்த்துவிட்டுக் கத்தினான். "படகு கெளம்புதுங்கப்பா. நான் போறேன்" என்று கத்திவிட்டு வைத்துவிட்டாள்.

நான் போறேன்.

வாரேன் என்றுதான் சொல்வார்கள் இந்த மலையில். கிணற்றுக்குப் போகிறவளும் வாரேன் என்றுதான் சொல்லிவிட்டுப் போவாள். போறேன் என்பது திரும்பி வராதவர்கள் சொல்வது. குழந்தைகள் தெரியாமல் சொன்னால் வாயில் அடிப்பார்கள். அவளும் அடி வாங்கியிருக்கிறாள். அன்று காற்றில், அவசரத்தில், சைக்கிளைத் தூக்கிப் படகில் வைக்கிற பதற்றத்தில் அது வந்துவிட்டது. போகிறோம் என்பதில் அத்தனை சந்தோஷமாக இருந்தாள்.

கோழித்தீவன ஆய்வுக்கூடத்தில் நாளெல்லாம் மக்காச்சோளத்தைப் பொடித்துப் பூஞ்சை தேடுகிற வேலை அவளுக்கு. அங்கே அவள் மேடம். இங்கே காளியண்ணன் புள்ள. இரண்டும் இல்லாமல், யாருக்கும் யாருமாக இல்லாமல் இருந்தால் எப்படி இருக்கும் என்று பார்க்கத்தான் கிளம்பினாள். அதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லக்கூடிய காரணமா அது? கடலோரம் சில காலைகளில் அது கைகூடியும் வந்தது. பெயரில்லை, வீடில்லை, கேட்க ஆளில்லை. அந்த நிமிடங்களில் தன்னைவிட லேசானவள் உலகத்தில் இல்லை என்று தோன்றும். அதைத்தான் இவர்கள் எட்டடிக்கு அடித்துக் கட்டியிருக்கிறார்கள். கேட்டது கிடைத்துவிட்டது. கேட்டது இதையா?

இனி எங்கே போவது? வீடு இங்கிருந்து நடக்கிற தூரம்தான். அந்த வாசலில் போய் நின்றால் என்ன ஆகும்? செத்தவள் வந்தால் கதவைத் திறப்பார்களா? அப்பா முகத்தைத் திருப்பிக்கொள்வார், அதுகூடப் பரவாயில்லை. அம்மா? படத்தை எடுத்துக் கொடுத்த அம்மா?

"கண்ணூ!"

சாலைக்கு அந்தப் பக்கம் மேட்டிலிருந்து இறங்கி வந்தாள் அம்மா, கண்ணாயி. கையில் ஒயர் கூடை. முகமெல்லாம் சிரிப்பு. ஓடிவந்ததில் முந்தானை தரையில் இழுபட்டது.

"வந்துட்டியா சாமி! காலையிலருந்து மூணு தடவ வந்து பாத்துட்டுப் போறேன். பேனர் வெச்சாச்சு, இன்னிக்கு வந்துருவான்னு எனக்குத் தெரியும். மந்திரிக்கெல்லாம் மொத நாளே வெச்சிருவாங்கல்ல!" மகளின் கன்னத்தை இரண்டு கையாலும் வழித்தாள். "தீஞ்ச தோசையாட்டம் ஆயிட்டியே! அன்னாசி கொண்டாந்திருக்கேன், கத்தியும் இருக்குது. இங்கயே அறுத்துத் தரட்டுமா?"

யமுனா அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அதில் ஒன்றுமே இல்லை. மகள் வந்துவிட்ட சந்தோஷம் தவிர வேறு ஒன்றுமே இல்லை.

"பாத்தியா?" அம்மா பேனரைக் காட்டினாள். "உன் தம்பி, சொன்னத செஞ்சுட்டான் பாரு! படம் வேணும்னான். ரிப்பேருன்னு அவன் வாங்கி வெச்சிருக்கற என் போனுலதான் இருந்துச்சு, எடுத்துக்கடான்னேன். எம்புட்டுப் பெருசு! அந்தக் கடலு, அந்தப் பல்லு! ஊட்டுல சுருட்டி வெச்சிருந்தத நேத்து நான்தான் கூட நின்னு பிரிச்சுக் குடுத்தேன்." குரலைத் தாழ்த்தினாள். "ஆனா ஒருத்தனும் படிச்சுச் சொல்ல மாட்டேங்கறான் கண்ணு. உன் தம்பியக் கேட்டா வேல இருக்குதுன்னு ஓடறான். கலைச்செல்வியக் கேட்டா அடுப்படியிலருந்து வெளியவே வர மாட்டேங்கறா. இந்தச் சின்னுசாமியக் கேட்டா கண்ணாடி எடுத்துட்டு வரலங்கறான். கண்ணாடிய மூஞ்சியிலயே மாட்டிக்கிட்டு!"

சின்னுசாமி கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைக்க ஆரம்பித்தார். பஸ்ஸுக்கு நின்ற பெண்களில் ஒருத்தி அழுதாள்.

"என்ன எழுதியிருக்கு? நீ படி சாமி. நான் கேக்கறேன்."

நேற்றிலிருந்து ஊரே இந்தப் பேனரைக் கடந்து போயிருக்கிறது. ஊரே படித்திருக்கிறது. அம்மா மட்டும் இதன்கீழே நின்று, தன் மகள் அழகாக இருக்கிறாள் என்று பூரித்திருக்கிறாள். அதையும் எல்லோரும் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள். பேனரைப் படித்தபோது வராத கோபம் யமுனாவுக்கு இப்போது வந்தது.

வேறு மாதிரி படித்துவிடலாம். 'வெற்றியோடு திரும்பும் எங்கள் மகளே வருக' என்று படித்தால் அம்மா கைதட்டுவாள். பொய் உதட்டு நுனிவரை வந்துவிட்டது. அம்மா அவள் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். சிறுவயதில் பாடப்புத்தகத்தை உரக்கப் படிக்கச்சொல்லி எதிரே உட்கார்ந்து இப்படித்தான் பார்ப்பாள். படிப்பவள் தவறாகப் படிப்பாள் என்ற எண்ணமே இல்லாத முகம். அந்த முகத்திடம் இந்த ஊரில் எல்லோரும் பொய் சொல்லியாகிவிட்டது. இன்னும் ஒருத்தி தேவையில்லை.

"அம்மா, இது வரவேற்பு பேனர் இல்ல."

"பின்ன?"

"செத்தவங்களுக்கு வெக்கறது."

அம்மா சிரித்தாள். "ஆரு செத்தது?"

"நான்."

சிரிப்பு முகத்திலேயே நின்றுவிட்டது. அதை எடுத்துவிட வேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை. பேனரைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். மகளின் முழங்கையைப் பிடித்து அழுத்தினாள். விரல்கள் சதையில் பதிந்தன.

"படி" என்றாள். "இருக்கறத இருக்கற மாதிரி படி."

யமுனா படித்தாள். கண்ணீர் அஞ்சலியை, பிறந்த நாளை, செத்த நாளை. காளியண்ணன் என்று படித்தாள். கண்ணாயி என்று படித்தாள்.

"எந்தக் கண்ணாயி?"

"நீதாம்மா."

"நானா?" என்றாள் அம்மா. "நானா வெச்சேன்?"

மூட்டைமேல் உட்கார்ந்திருந்தவர் எழுந்துகொண்டார்.

"எதுக்குக் கண்ணு? என்ன பண்ணுன நீ?"

யமுனா நிழலைக் காட்டினாள். "இது ஒரு ஆம்பளையாம். தனியாப் போனவள படம் எடுத்தது ஆருன்னு கேட்டிருக்காங்க. அப்பா என்கிட்டயும் கேட்டாரு போல. எனக்குக் காதுல விழல. படகு கெளம்புது, நான் போறேன்னு வெச்சுட்டேன்."

"போறேன்னா சொன்ன?"

"ஆமாம்மா."

"வாரேன்னு சொல்லியிருக்கக் கூடாதா."

"படகு கெளம்பிடுச்சும்மா."

அம்மா நிழலுக்குக் கிட்டே போய் உற்றுப் பார்த்தாள். தொப்பியை, தோளை. பிறகு எதற்கோ திரும்பியவள் அப்படியே நின்றாள். சாயங்கால வெயில் மேற்கிலிருந்து சாய்ந்து விழுந்துகொண்டிருந்தது. சாலையோரம் நின்ற சைக்கிளின் நிழல் தார்மேல் நீண்டு பெட்டிக்கடைவரைக்கும் போயிருந்தது. தொப்பி போட்ட தலை. அகன்ற தோள்.

"அதா" என்றாள் அம்மா. "இங்கயும் வந்து நிக்கறானே."

எல்லோரும் பார்த்தார்கள். சின்னுசாமியின் ஒரு கால் அந்த நிழலின் தோள்மேல் இருந்தது. அவர் அதை மெல்ல எடுத்துக்கொண்டார்.

யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று யமுனா எதிர்பார்த்தாள். அடக் கடவுளே என்றாவது, தப்பாகிவிட்டதே என்றாவது. ஒருவரும் வாய் திறக்கவில்லை. உண்மை தெரிந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று இவ்வளவு நேரம் தனக்குள் ஒரு மூலையில் நம்பிக்கொண்டிருந்தது அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது. உண்மை தார்ச்சாலையில் நீட்டி நிமிர்ந்து கிடந்தது. எல்லோரும் அதைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு ஒவ்வொருவராக வேறு பக்கம் திரும்பினார்கள்.

நிஜமாகவே ஒரு ஆள் தன்னோடு வந்திருந்தால்? அப்போது இந்தப் பேனர் சரியாகிவிடுமா? அந்தக் கேள்வியை யாரிடம் கேட்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"எங்க இருக்குது என் பேரு?" என்றாள் அம்மா. "தொட்டுக் காட்டு."

பேனரின் அடிவரி மார்பு உயரத்தில்தான் இருந்தது. யமுனா தொட்டுக் காட்டினாள். க-வில் தொடங்கி யி-யில் முடியும் இடம்வரை விரலை ஓட்டினாள். அம்மா அதன்மேல் தன் விரலை வைத்து அதே தூரத்துக்கு இழுத்துப் பார்த்தாள். தன் பெயரை அச்சில் யாரும் அவளுக்குக் காட்டியதில்லை. இரண்டு முறை இழுத்துப் பார்த்தாள். எங்கே ஆரம்பிக்கிறது, எங்கே முடிகிறது என்று மனதில் வாங்கிக்கொள்கிறாள் என்று தெரிந்தது.

பிறகு கூடையிலிருந்து அன்னாசிக் கத்தியை எடுத்தாள்.

"கண்ணாயி" என்றார் சின்னுசாமி. "காளியண்ணன் கோவிச்சுக்குவாரு."

"நீ கண்ணாடியத் தொடைச்சு முடி மொதல்ல."

பேனர் சத்தமில்லாமல் அறுபட்டது. பெயரைச் சுற்றி நாலு பக்கமும் நிதானமாக, பழத்தின் கண்ணைத் தோண்டுவதுபோல அறுத்தாள். மகளின் முகத்தில் கத்தி படவில்லை. காளியண்ணன் என்ற பெயரிலும் படவில்லை, தனபால் பெயரிலும் படவில்லை. இரண்டு பெயர்களுக்கும் இடையில் ஒரு ஓட்டை விழுந்தது. அதன் வழியே பின்னால் இருந்த மரமும் அதில் ஏறிய மிளகுக்கொடியும் தெரிந்தன.

"வெச்சவங்க வெச்சுக்கட்டும்" என்றாள். "நான் வெக்கல."

அறுத்த துண்டைச் சுருட்டி இடுப்பில் செருகினாள். கத்தியைக் கூடையில் போட்டாள். கத்தி கூடையின் விளிம்பில் பட்டு வெளியே விழுந்தது. குனிந்து எடுத்து மறுபடியும் போட்டாள். அப்போதும் முகத்தில் அந்தச் சிரிப்பின் மிச்சம் காய்ந்துபோய் ஒட்டிக்கொண்டிருந்தது. யமுனாவால் அதைப் பார்க்க முடியவில்லை.

"அம்மா, நான் நாமக்கல்லுக்கே இறங்கிடறேன். அப்பா..."

"உங்கப்பன்கிட்ட நான் பேசோணும். உன்னயப் பக்கத்துல வெச்சுக்கிட்டுத்தான் பேசோணும்." அம்மா சாலையைக் கடந்தாள். மேட்டில் கால் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். மகள் இன்னும் பேனருக்கு முன்னாலேயே, எட்டடி உயரத்தில் சிரிக்கும் தன்னைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தாள்.

"வா, ஊட்டுக்கு" என்றாள் கண்ணாயி, எல்லோருக்கும் கேட்கும்படி. "அவனையும் கூட்டிட்டு வா."

யமுனா சைக்கிளின் ஸ்டாண்டை எடுக்கப் போனாள். இத்தனை மலை ஏறிய கால் அதைத் தட்டிவிட முடியாமல் இரண்டு முறை தவறியது.